ஹெரோயின் பழக்கத்துக்கு மருந்தாக மெதடோன் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை கொடுப்பதுதானே?

இதே கேள்வியை என் அம்மா ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஹெரோயின் பழகிப் பதினோரு வருஷம். மறுவாழ்வு மையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தார். இரண்டு தடவையும் வெளியே வந்த வாரமே பழைய கூட்டாளி எங்கள் லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) முனையில் நின்றான்.

மெதடோனும் ஹெரோயினைப் போல ஓப்பியாய்டு (அபின் போல வேலை செய்யும் மருந்து) வகைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஹெரோயின் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். இறங்கினால் குடைச்சல், வாந்தி, மூக்கொழுகல். அடுத்த ஊசிக்குக் காசு தேடுவதுதான் அன்றைய வேலை. மெதடோன் ஒரு நாள் முழுக்க நிற்கும். 30 மில்லிகிராமுக்கு மிகாமல் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். பலருக்கு 60-லிருந்து 120-க்குள் நிற்கும். அளவு பொருந்திவிட்டால் கிறக்கமும் இல்லை, குடைச்சலும் இல்லை.

மலேசியா இதை ஆரம்பித்ததற்குக் காரணம் எச்.ஐ.வி. 2002-ல் மட்டும் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலோர் ஊசி பகிர்ந்தவர்கள். 2005-ல் மெதடோனும் 2006-ல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது தரும் ஊசி மாற்றுத் திட்டமும் வந்தன. இன்று புதிய தொற்றுகளில் ஊசியால் வருவது சிறு பங்குதான்.

கிளினிக்கில் ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். மருந்தாளர் சின்னக் கப்பில் சிரப்பை ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுத்தார். அண்ணன் அவர் கண்முன்னாலேயே குடித்தார், மறுபடி தண்ணீர் குடித்தார், பிறகு "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொன்னார். மரியாதைக்கு என்று நினைத்தேன். வாயில் அடக்கி வெளியே விற்காமல் இருக்க, பேசிக் காட்ட வேண்டுமாம்!

உண்மையான தகராறு நேரத்தில்தான். எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு விடியுமுன்னே, கிளினிக் எட்டு மணிக்கு. "கிளினிக்கா வேலையா, ஒண்ணைச் சொல்லு" என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) கேட்டுவிட்டார். அண்ணன் வெட்டு வேலையை விட்டு, மதியம் குலை ஏற்றும் லாரிக்கு மாறினார், சம்பளம் குறைவு. மருந்து பிடிக்காமல் நிறுத்தியவர்களைவிட, இந்த நேரத் தகராறில் நிறுத்தியவர்களைத்தான் எங்கள் பக்கம் அதிகம் பார்த்திருக்கிறேன். கவுண்டரை ஆறு மணிக்குத் திறந்தால் பாதிப் பேர் நிலைப்பார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சியாபு என்கிற மெத்தாம்ஃபெட்டமின் போதைக்கு மெதடோன் மருந்தில்லை. மெதடோன் குடித்துவிட்டு மேலே சம்சு சாராயமோ தூக்க மாத்திரையோ போட்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

இப்போது அண்ணனுக்கு வார இறுதி மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டில் அம்மாவின் பேரப்பிள்ளைக்கு நாலு வயசு. ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. அம்மா அந்தப் போத்தலை நகைப் பெட்டியில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.