பட்டியை யார் பார்ப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாய்க்குட்டி வளர்க்கச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறார், அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில் வேலை. "கடிச்சு வச்சா என்ன செய்ய?" என்கிறார் அப்பா. "பட்டிய யாரு மோளே பாக்கது?" என்கிறார் அம்மா. எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டி என்றால் நாய். இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கால்நடை மருத்துவர் பதில்:

அப்பாவின் பயத்துக்குத் தடுப்பூசி இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் முதலில் அம்மா.

என்னிடம் மாதம் தவறாமல் நாயைக் கொண்டுவரும் ஒரு அம்மா இருக்கிறார். மகன் ஆசைப்பட்டு வாங்கிய நாய். மகன் இப்போது பெங்களூரில். ஒரு கையால் நாயின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காது மடலை விரித்து உண்ணி இருக்கும் இடத்தைக் காட்டுவார். ஊசி போடும்போது நாய் அவர் முகத்தையே பார்க்கும். பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இந்த வேலையை அவர் கேட்டு வாங்கவில்லை. நாய் 12, 13 வருடம் வாழும். உங்கள் படிப்பு முடிய அவ்வளவு நாள் ஆகாது. உங்கள் அம்மா இதைக் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்.

"நான் பாத்துக்கிடுவேன்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. அடுத்த ஒரு மாதம், அப்பா வெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்களும் எழும்புங்கள். முற்றம் பெருக்குவது, கோழிக்குத் தீனி போடுவது என்று அம்மாவின் காலை வேலையில் ஒன்றை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். பிறகு சொந்தக்காரர் யாராவது கோவில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போகும்போது, தடுப்பூசி போட்ட அவர்களுடைய சாதுவான நாயை நான்கு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் கேளுங்கள். அந்த நான்கு நாளும் சோறு வைப்பதும் மலம் அள்ளுவதும் உங்கள் வேலை. அம்மாவின் கை அதில் படவே கூடாது. இப்படி மனம் மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வெளியூர் போனால் நாய் யாரிடம் இருக்கும் என்பதற்கும் இப்போதே விடை வேண்டும். இல்லையென்றால் காத்திருங்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

அப்பா பயப்படுவது சரியே. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது மிக அரிது. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அப்படியும் எந்த நாய் கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவைப் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காததை மருத்துவர் சொன்னால் கேட்பார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும், அதன் மூத்திரத்தால் நமக்கும் வரலாம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மிச்சச் சோற்றை ராத்திரி வெளியே வைக்காதீர்கள், எலி வரும். ரப்பர் விளைக்குள் போய்வந்தால் கால்விரல் இடுக்கிலும் காதிலும் உண்ணி பாருங்கள்.

ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்கள் இந்தப் புழுக்கத்தில் பாவம். அக்கம்பக்கத்தில் 8 வாரம் தாய்ப்பால் குடித்த நாட்டுக்குட்டி கிடைத்தால் அதுவே போதும். முள் நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த மீனோடு சோறு கொடுக்கலாம். நம் மீன்குழம்பு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

சொல்லாமல் கொள்ளாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்படி வந்த குட்டிகள் மழையில் ரோட்டோரம் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா வேலையிலிருந்து வந்து கையிலுள்ள அண்டிக் கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதும் பேச்செடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தை நீங்கள் கழுவி வைத்த பிறகு, ஊசித் தேதிகளும் மாதச் செலவும் எழுதிய தாளோடு பக்கத்தில் போய் உட்காருங்கள்.