தில்லி மேடையும் உங்கள் ஆரி ஸ்டாண்டும்

அன்புள்ள அக்கா,

தில்லியில் கூட்டூர் ஃபேஷன் ஷோ பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் சுங்கை சிப்புட்தான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், நான் வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் பூத்தையல் போடும் வேலை, செய்கிறேன். ஒரு கல்யாண பிளவுஸுக்கு நாலு நாள் உட்கார்ந்து 250 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டால், "ஆன்லைனில் 80 வெள்ளிக்கு வருதே" என்கிறார்கள். லட்சக்கணக்கில் விற்கும் அந்த உடைகளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதை நீங்கள் புகழ்ந்தது வருத்தமாக இருந்தது.

- ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் போடும் அதே தையலைத்தான் அங்கேயும் போடுகிறார்கள். அந்தக் கட்டுரையில் மேடையையும் விளக்கையும் பற்றியே எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

இந்திய ஃபேஷன் டிசைன் கவுன்சில் தில்லியில் நடத்தும் கூட்டூர் வாரத்துக்கு அழைப்பு இருந்தால்தான் போக முடியும், எனக்குத் தெரிந்தவர் மூலம் கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. சொன்ன நேரத்துக்கு ரொம்பத் தாமதமாகத் தொடங்கி இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கூட்டூர் என்றால் ஒருவர் அளவுக்கென்றே கையால் செய்யும் உடை, இந்தியாவில் அது பெரும்பாலும் கல்யாண உடைதான். மாதக்கணக்கில் வேலை செய்த ஒரு லெஹெங்கா நம்மைத் தாண்டிப் போகப் பத்து வினாடிதான் ஆகிறது, அதில் என்ன தையல் என்று பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கடைசியில் டிசைனர் வந்து கும்பிட்டார், எல்லோரும் கைதட்டினோம். தைத்தவர்களில் ஒருவர்கூட மேடைக்கு வரவில்லை. அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் மறுநாள் காலை ஷாப்பூர் ஜாட்டுக்குப் போனேன்.

தில்லிக்குள்ளேயே இருக்கும் பழைய கிராமம் அது. கீழே கண்ணாடி போட்ட டிசைனர் கடைகள், மேலே குறுகலான படி ஏறினால் பட்டறைகள். நாலு பக்கமும் மரச்சட்டம், அதில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றித் தரையில் உட்கார்ந்து ஐந்தாறு ஆண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், அங்கே இந்த வேலையில் ஆண்கள்தான் அதிகம், வங்காளம், பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். காகிதத்தில் ஊசியால் ஓட்டை போட்டு, பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து ட்ரேஸ் எடுப்பது, மேலே ஆரி ஊசி கீழே நூல், சர்தோசி என்கிற மெல்லிய உலோகக் கம்பிச் சுருளைத் துண்டு துண்டாக நறுக்கி மணி மாதிரி கோப்பது என்று எல்லாமே உங்களுக்குத் தெரிந்த வேலைதான். பாரிஸ் வரை போவதும் இந்தக் கைவேலைதான். கான்பூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ராகுல் மிஸ்ரா 2020 ஜனவரியில் பாரிஸ் ஓட் கூட்டூர் வாரத்தில் இடம்பெற்றார், இந்திய டிசைனர்களில் அவர்தான் முதல் ஆள். 2023 மார்ச்சில் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஷோ நடத்தியபோது, அங்கே கட்டிய மாபெரும் தோரணத்தைச் செய்தவர்கள் மும்பைத் தையல் கலைஞர்கள்.

அதனால் நான் புகழ்ந்ததைத் திரும்பப் பெற மாட்டேன். அந்த வேலை உண்மையிலேயே அழகு. யாரைப் புகழ வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டேன், அதற்குத்தான் வருந்துகிறேன்.

சரி, உங்கள் 250 வெள்ளிக்கு வருவோம். நாலு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 62 வெள்ளி 50 காசு, அதுவும் நூல், மணி, கல் வாங்கிய காசைக் கழிக்காமலே. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதை 26 நாளுக்குப் பிரித்தாலே 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. நீங்கள் அதிகம் கேட்கவில்லை தங்கச்சி, குறைத்துக் கேட்கிறீர்கள். பால் ஸ்டோரில் நிறுக்கும்போது அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், கேட்டுப் பாருங்கள். நீங்கள் மட்டும் ஏன் மணிக்கணக்கை எழுதி வைக்காமல் கண்மதிப்பாக ஒரு விலை சொல்கிறீர்கள்?

அந்த 80 வெள்ளி பிளவுஸை யாராவது காட்டினால், சண்டை போடாமல் அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அடிப்புறம் காகிதம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தாலோ, மேலே எந்த நிறமாக இருந்தாலும் கீழே ஒரே வெள்ளை நூலாக ஓடினாலோ அது பெரும்பாலும் மெஷின் போட்டது. பக்கத்திலேயே உங்களுடையதையும் திருப்பி வையுங்கள், மேலே சங்கிலித் தையல், கீழே பொடிப்பொடியாக நேர்கோடு. இதை ஒருமுறை பார்த்த பெண்கள் கடையில் எந்தப் பிளவுஸை எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருவேளை 80 வெள்ளிக்கு வந்ததும் கையால் போட்டதாகவே இருந்தால், எங்கோ ஒருவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்து என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், பிளவுஸ் துணி வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாமா? ட்ரேஸ் எடுப்பதிலிருந்து கடைசி முடிச்சு வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், அதை வைத்து விலை சொல்லுங்கள். பேரம் பேச மாட்டோம்.

அன்புடன்,
அக்கா