படம் வரவில்லை, தமிழ் கேள்விக்குறி ஆகிவிட்டது: ஹோஸ்டிங் மாற்றும்போது என்ன செய்வது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தளம் எழுதியது பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்; விண்டோஸ் ஹோஸ்டிங்கில் இருக்கிறது. அடுத்த மாதம் சந்தா முடிகிறது, லினக்ஸுக்கு மாற்றிவிடச் சொல்கிறார் முதலாளி. எல்லாவற்றையும் காப்பி செய்து பார்த்தேன். பாதிப் படங்கள் வரவில்லை, உள்பக்கங்கள் 404 (‘பக்கம் இல்லை’) காட்டுகின்றன, தமிழ்ப் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. கம்பெனி மெயிலும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கொரட்டூர்

பதில்: நல்லவேளை, டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பட்டியல்) கைவைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். பிஎச்பி என்பதால் லினக்ஸுக்குத் தாராளமாகப் போகலாம். பழைய ஏஎஸ்பியிலோ டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலோ எழுதிய தளமாக இருந்தால், ‘வேறொரு விண்டோஸ் ஹோஸ்டிங் பாருங்கள்’ என்று சொல்லி இங்கேயே முடித்திருப்பேன்.

படங்களில் ஆரம்பிப்போம். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படத்தின் பெயர் கேப்பிடல் ஜேபிஜி என்று முடியும். பக்கத்தில் யாரோ அதைச் சின்ன எழுத்தில் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு படமாகத் திருத்த உட்காராதீர்கள், விடிந்துவிடும். கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துச் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். கோடிங்கிலும் டேட்டாபேஸிலும் உள்ள படப் பெயர்களையும் அதேபோல் மாற்றிவிடுங்கள். டேபிள் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் வழக்கமாக அவற்றைச் சின்ன எழுத்தாக்கித்தான் சேமிக்கும். கோடிங்கில் கேப்பிடல் இருந்தால் புது சர்வர் ‘அப்படி ஒரு டேபிளே இல்லை’ என்று கையை விரிக்கும். இதற்கான செட்டிங் சர்வர் முழுமைக்கும் ஒன்றுதான். ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்களுக்காக அதை மாற்ற மாட்டார்கள்.

404 சிறிய வேலை. பழைய இடத்தில் முகவரிகளை வளைத்துக்கொடுத்தது வெப் டாட் கான்ஃபிக் என்ற கோப்பு. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸைத் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதில்லை. புது இடத்தில் வெப் சர்வர் அப்பாச்சி, லைட்ஸ்பீடு என்றால் அந்த விதிகளை எச்டிஆக்சஸ் கோப்பில் புதிதாக எழுதுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மட்டும் இருந்தால் அதுவும் செல்லாது, ஹோஸ்டிங்காரரிடம்தான் கேட்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் பெயர் ‘டிஃபால்ட்’ என்று இருந்தால் ‘இண்டெக்ஸ்’ ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் தமிழ். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் எழுத்து கெடுவதில் இரண்டு வகை இருக்கிறது. தலையில் கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் பயமில்லை: யுனிகோட் தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிக்கிற விதம்தான் தப்பு. கனெக்‌ஷனின் எழுத்துத்தொகுதியைச் சரிசெய்தால் பெரும்பாலும் வந்துவிடும். உங்களுக்கு வந்திருப்பதோ கேள்விக்குறி. டேட்டாபேஸிலேயே கேள்விக்குறியாகப் பதிந்திருந்தால் அதைத் திருப்பித் தமிழாக்க எந்த மந்திரமும் கிடையாது. டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் அந்த டேபிளைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் கனெக்‌ஷன் மட்டும்தான் கோளாறு. அங்கும் கேள்விக்குறி என்றால் புது டேட்டாபேஸை அழித்துவிட்டு, பழைய சர்வரிலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் எடுங்கள். எக்ஸ்போர்ட், புது டேபிள், பிஎச்பி கனெக்‌ஷன் மூன்றிலும் யுடிஎஃப்8எம்பி4 என்ற யுனிகோட் எழுத்துத்தொகுதி இருக்க வேண்டும். ஒன்று தமிழுக்கு இடமில்லாத லேட்டின்1 ஆக இருந்தாலும் பழைய கதைதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள், யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்குக் கவலை கம்பெனி மெயில் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான். படம் வராவிட்டால் முதலாளி போனில் கத்துவார், அவ்வளவுதான். பர்ச்சேஸ் ஆர்டர் மெயில் வராவிட்டால் வாடிக்கையாளரே கைவிட்டுப் போய்விடுவார். டிஎன்எஸ் விவரங்களைத் தரும் நேம்சர்வரை மாற்றினால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் சேர்ந்து மாறும், மெயில் புது சர்வரைத் தேடி வரும். அதற்கு முன்பே அங்கே எல்லா மெயில்பாக்ஸையும் அதே பெயரில் உருவாக்கி, பழைய மெயில்களை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் முறை) வழியாக இழுத்து வைத்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் புது சர்வரைச் சேர்க்க மறந்தால், கம்பெனி அனுப்பும் கொட்டேஷன்கள் ஸ்பேமில் போய் விழும்.

மெயிலை கூகுள் போன்ற வேறு இடத்தில் வைத்துக்கொள்வதென்றால் அதில் ஒரு பொறி உண்டு. சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள சர்வர், அந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தளத்தின் என்கொயரி ஃபாரத்தில் வருவதை வெளியே அனுப்பாமல், யாரும் திறக்காத தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும். மெயில் ரூட்டிங் பகுதியில் ‘ரிமோட்’ என்று மாற்றிவைத்தால் தீர்ந்தது.

சோதனையை உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டிஎன்எஸ்ஸுக்கு முன்பே கம்ப்யூட்டர் பார்க்கும் பட்டியல்) புது ஐபியைப் போட்டுச் செய்யுங்கள். உலகத்துக்குப் பழைய தளம், உங்களுக்கு மட்டும் புதியது. டிஎன்எஸ்ஸை மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை (பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு) 300 நொடியாகக் குறையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம், எஸ்டேட்டில் ஷட்டர் இறங்கியபின் மாற்றுவது நல்லது. முதலாளி ராகு காலம் பார்க்கச் சொன்னால் பாருங்கள், டிடிஎல் குறைத்தாயிற்று என்றால் எந்த நேரமும் சரிதான். டிஎன்எஸ் மாறியபின் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் சில நிமிடங்களில் பிரவுசர் எச்சரிக்கை காட்டினால் பதற வேண்டாம்.

ஒன்று மட்டும் முதலாளியிடம் பிடிவாதமாகக் கேளுங்கள்: பழைய ஹோஸ்டிங்கை இன்னும் ஒரு மாதம் புதுப்பிக்கட்டும். அந்த வெப்மெயிலை அவ்வப்போது திறந்து பாருங்கள். ஒரு வாரமாகப் புது மெயில் எதுவும் அங்கே வரவில்லை என்றால், அப்போது ரத்து செய்யச் சொல்லலாம்.