எந்த ஆற்றின் மீன்?

வணக்கம் ஐயா,

காவிரியின் திமில் மாசீர் மீன் அழிந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பொரிப்பகத்தில் குஞ்சுகளை வாங்கி ஆற்றில் விட்டால் பெருகிவிடாதா? இதற்கு மரபணு ஆராய்ச்சி எதற்கு? நண்பர்கள் சேர்ந்து பவானியில் மாசீர் குஞ்சுகள் விடப் பணம் திரட்டுகிறோம்.

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் அக்கறையை மதித்தே சொல்கிறேன்.

இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நீலத்துடுப்பு மாசீர் என்ற வேறு இனத்தைப் பொரிக்கவைத்துப் பல ஆறுகளுக்கும் அனுப்பினார்கள். காவிரியிலும் அது குடியேறியது. பிறகு கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளை ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தபோது, மாசீர் முன்பைவிட அதிகமாகவே சிக்கியிருந்தது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு. காவிரிக்கே உரிய திமில் மாசீர் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. வெறுமனே 'மாசீர்' என்று எண்ணியிருந்தால், ஆறு செழிக்கிறது என்றே நம்பியிருப்போம்.

இத்தனைக்கும் 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட மீன் இந்தத் திமில் மாசீர். ஆனாலும் அதன் அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியானது. மாயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டபோது, முன்பே கேரளத்தின் பாம்பாற்றுச் சிறுமீன்களுக்கு வைத்த 'டோர் ரெமாதேவி' என்ற பெயர் இதற்குத்தான் என்று தெரிந்தது. பாம்பாறுதான் நம் அமராவதியாகக் காவிரியில் சேர்கிறது. பெயர் உறுதியான அதே ஆண்டில் மிக அருகிய இனமாக, அழியும் உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயரில்லாத மீனுக்குப் பட்டியலில் இடம் கிடைப்பது அரிது.

மரபணு ஆய்வுக்கு மீனைக் கொல்லவும் வேண்டியதில்லை. ஈரக்கையால் பிடித்து, துடுப்போரத்தில் நகத்துண்டு அளவு நறுக்கி எரிசாராயம் நிரப்பிய சிமிழில் போட்டுவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம். துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. செல்லின் ஆற்றல் உறுப்பான இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியா) உள்ள மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. இரண்டு இனம் கலந்து பிறந்த மீனின் தந்தை எந்த இனம் என்று அது காட்டாது. அதற்குச் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுவையும் பார்த்தாக வேண்டும்.

தெங்குமரஹாடாவில் பரிசலில் மாயாற்றைக் கடந்தபோது, பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவர் அப்பா பிடித்த மீனின் செதில் அந்த அளவாம். அந்த மீனின் வழிவந்தவை அங்கே இன்னும் இருக்கக்கூடும். மாயாறு பவானிசாகரில்தான் வந்து சேர்கிறது. நீங்கள் குஞ்சுகளை விட நினைப்பதும் அதே பவானியில்.

குஞ்சு விற்பவரிடம் தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். திரட்டிய பணத்தை மீன்வளம் படிக்கும் ஒரு மாணவரின் களப்பயணத்துக்குக் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் எழுதுங்கள், நானும் என் பங்கைச் சேர்க்கிறேன்.