கோடாலி வாய் ஏன் மடங்குது?

கேள்வி: ஐயா, கொல்லையில சீமைக்கருவேல் வெட்ட, விறகு பிளக்கன்னு ஒரு கோடாலி வாங்கினேன். நல்லாத்தான் வெட்டுச்சு. ஒரு தடவ மிஷின்ல சாணை பிடிச்சேன், அதுல இருந்து நாலு வெட்டுலயே வாய் மடங்கிடுது. புதுசு வாங்கணுமா? வாங்கினா எப்படிப் பாத்து வாங்குறது? - வாசகர், மணப்பாறை

பதில்: அவசரப்பட்டு தூக்கிப் போட்றாதீங்க. சாணை பிடிச்சப்ப வாய் ஓரம் நீலமா மாறுச்சான்னு யோசிச்சுப் பாருங்க, எனக்கு அதான் சந்தேகம். இரும்பு சுமார் 300 டிகிரி சூட்டுக்குப் போனாத்தான் அந்த நீலம் வரும், அந்த சூட்டுல கொல்லர் வச்ச பதம், அதாவது இரும்போட கெட்டித்தன்மை, இறங்கிடும், அப்புறம் எத்தன தடவ தீட்டினாலும் கூர் நிக்காது. நீலம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஏறியிருக்குன்னா அரத்தால ராவி எடுத்துட்டாலே உள்ள இருக்குற நல்ல இரும்பு வந்துரும். அதுக்கு மேலன்னா பட்டறையில குடுத்து திரும்ப பதம் வைக்கச் சொல்லுங்க.

இனிமே மிஷின் பக்கமே போகாதீங்க. 10 இன்ச் தட்டை அரம் ஒண்ணு போதும். கோடாலிய அசையாம இறுக்கிட்டு, கைக்கு கெட்டியான க்ளவுஸ் போட்டுட்டு, அரத்த முன்னாடி தள்ளுங்க, திரும்பும்போது தூக்கிடுங்க, ஏன்னா அரம் தள்ளும்போது மட்டுந்தான் வெட்டும், அழுத்தி இழுத்தா அதோட பல்லுதான் போகும். ஒரு பக்கம் ராவ ராவ மறுபக்க ஓரத்துல பிசிறு தட்டும், அப்ப திருப்பிப் போடுங்க. வாயோட கோணம் ரெண்டு பக்கமும் சேத்து 25ல இருந்து 30 டிகிரி இருந்தா சரி, கருவேலத்துக்கு 30 பக்கமே வைங்க, வாய் ரொம்ப மெல்லிசா இருந்தாலும் மடங்கும். கடைசியா எண்ணெய் விட்டு கார்போரண்டம் கல்லுல (கத்தி தீட்டுற கல்லு) தேச்சு பிசிற எடுத்துடுங்க.

புதுசு வாங்குறதா இருந்தா பெயிண்ட் பளபளப்ப பாத்து ஏமாறாதீங்க. கையில ஒரு சின்ன அரம் கொண்டு போங்க, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வாய் ஓரத்துல லேசா ஓட்டிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா ரொம்ப கெட்டி, காஞ்ச கருவேலத்துல சில்லு பேந்துரும். சர்ருன்னு சீவுச்சுன்னா மெத்து இரும்பு. கொஞ்சமா கடிச்சு எடுக்கணும், அதான் சரியான பதம். என்னைக் கேட்டா லாரி பட்டையில (லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் தகடு) அடிச்ச பட்டறை கோடாலிதான் நம்பி வாங்கலாம், அது ஸ்பிரிங் ஸ்டீல், பதம் நல்லா ஏறும். வீட்டு வேலைக்கு தலை ஒரு கிலோவுல இருந்து ஒன்றரை கிலோ போதும், அதுக்கு மேல போனா கைதான் வலிக்கும்.

காம்புல ரேகை நீளவாக்குல ஓடணும், முடிச்சு இருக்கக் கூடாது, பெயிண்ட் அடிச்ச காம்ப எடுக்காதீங்க, உள்ள முடிச்சு இருந்தாலும் தெரியாது. தலை ஆடுச்சுன்னா தண்ணியில ஊறப் போடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். ஊறினா அப்போதைக்கு இறுகும், காஞ்சதும் முன்ன விட லூசாகி ஓங்கும்போது கழண்டு பறக்கும், பக்கத்துல பிள்ளைங்க நின்னா என்ன ஆகும்? புதுசா ஆப்பு அடிச்சு இறுக்கின பிறகே ஓங்குங்க.