ஃப்ரிட்ஜுக்குள் வண்டிச் சாவி: முதல் குறும்படக் கேள்வி பதில்

முதன்முதலாகக் குறும்படம் எடுக்கப்போகும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். நான் எடிட்டர். படப்பிடிப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஹார்ட் டிஸ்க்கில் என்ன வந்து சேர்ந்தது என்பதுதான் தெரியும். பதில்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வதாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதையில் இரண்டு காலகட்டம், ஐந்து கதாபாத்திரம், ஒரு ஃப்ளாஷ்பேக். எழுதி முடித்தால் 38 பக்கம். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். எப்படிச் சுருக்குவது?

சுருக்காதீர்கள். 38 பக்கத்தை ஐந்து பக்கமாகச் சுருக்கினால் கிடைப்பது ஒரு டிரெய்லர். அந்தக் கதைக்குள்ளிருந்து ஒரே ஒரு காட்சியைப் பிடுங்கி எடுத்து, அதையே முழுப் படமாக வையுங்கள். உதாரணமாக, வீட்டை விற்க முடிவு செய்துவிட்ட அண்ணன், பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய தங்கை, நடுவில் ஒரு மேஜை. அவள் பேனாவை வாங்குகிறாள், மூடியைக் கழற்றுகிறாள், திரும்ப மூடுகிறாள். உங்கள் ஃப்ளாஷ்பேக்கில் இருபது வசனம் சொல்ல நினைத்ததை அந்தப் பேனா மூடி சொல்லிவிடும். ஒரு அறை, இரண்டு பேர், ஆரம்பத்தில் இருந்த நிலை முடிவில் மாறியிருக்க வேண்டும், முதல் படத்துக்கு அவ்வளவு போதும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பார்கள். வசனக் காட்சிக்கு அது ஓரளவு சரி. ஆனால் ‘அவள் வீடு முழுக்கச் சாவியைத் தேடுகிறாள்’ என்று நீங்கள் எழுதிய ஒற்றை வரி திரையில் இரண்டு நிமிடம் ஓடும். அதனால் ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படித்து, நடக்கிற இடத்தில் நிஜமாகவே எழுந்து நடந்து, ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் கூச்சமும் இருக்காது. ஆஸ்கர் விதிப்படி டைட்டில் கார்டுகளோடு சேர்த்து 40 நிமிடம் வரைக்கும் குறும்படம்தான். அதைப் படித்துவிட்டு 39 நிமிடத்துக்குத் திட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

ஷாட் டிவிஷன் (காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்த பட்டியல்) போட்டுவிட்டேன், 62 ஷாட் வருகிறது. லொக்கேஷன் ஒரு நாள்தான் கிடைக்கும். முடியுமா?

கணக்குப் போடுவோம். பத்து மணி நேரம் கையில் இருக்கிறது. கேமராவை ஓரிடத்தில் வைத்து, வெளிச்சம் சரிசெய்து, ஒருமுறை ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுக்கப் புதியவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, யாரோ தாமதமாக வருவது, மெமரி கார்டு தேடுவது எல்லாம் போக 15 இடத்தில் கேமரா வைத்தாலே பெரிய விஷயம். 62 நடக்காது.

ஆனால் 62 ஷாட் என்றால் 62 முறை கேமராவை நகர்த்த வேண்டும் என்று இல்லை. அண்ணன் முகம் க்ளோஸப்பில் பதினோரு இடத்தில் வருகிறதா? கதையில் எங்கெங்கே வந்தாலும் அந்தப் பதினொன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள், இன்னும் சொன்னால் காட்சியை முதலிலிருந்து கடைசி வரை அந்த ஒரே கோணத்தில் ஓடவிட்டாலே போதும், நான் வெட்டிக்கொள்வேன். அப்புறம் கேமராவைத் திருப்பி தங்கை பக்கம். கதை வரிசையில் எடுப்பேன் என்று அடம்பிடிக்கிற இயக்குநர் மதியத்துக்குள் யூனிட்டின் சாபத்தை வாங்கிக்கொள்வார்.

இப்படிக் கலைத்துப்போட்டு எடுக்கும்போது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருப்பது, உதைக்கும். எனக்கு வந்த ஒரு படத்தில் மேஜைமேல் தண்ணீர் டம்ளர். வைட் ஷாட்டில் முக்கால்வாசி தண்ணீர், க்ளோஸப்பில் கால்வாசி, மறுபடி வைட்டில் முழுசாக நிறைந்திருக்கிறது. நடித்தவருக்குத் தாகம், ஒவ்வொரு டேக்குக்கும் குடித்திருக்கிறார், இடையில் யாரோ பொறுப்பாக நிரப்பியும் வைத்திருக்கிறார். நடிப்பு பிரமாதமாக இருந்த டேக்கை அந்த டம்ளருக்காகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் மேஜை, உடை, தலைமுடி, கை எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் நாலு படம் எடுத்து வைக்க ஒரு ஆளைப் போடுங்கள். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள்.

இன்னொன்று. இது இல்லாவிட்டால் படமே இல்லை என்கிற எட்டு ஷாட்டைச் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள். நேரம் போய்விட்டால் எதை விடுவது என்று நடுவெயிலில் நின்று பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்காது.

லைன் கிராஸ் என்றால் என்ன? மீறினால் தப்பா?

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் இணைத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் நின்று எடுத்தால் அண்ணன் எப்போதும் திரையில் வலது பக்கம் பார்ப்பார், தங்கை இடது பக்கம் பார்ப்பாள், தனித்தனியாக எடுத்தாலும் இருவரும் பேசிக்கொள்வது போலவே இருக்கும். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் தங்கையின் க்ளோஸப் எடுத்தீர்களோ, அவளும் வலது பக்கமே பார்ப்பாள். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆள் யாரையோ பார்ப்பது போல ஆகிவிடும். சஜஷன் ஷாட், அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட், எடுக்கும்போது எந்தத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம் என்று மறந்துபோய்த்தான் பெரும்பாலும் இந்தத் தப்பு நடக்கும்.

வேண்டுமென்றே மீறலாம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்ந்து அந்தப் பக்கம் போனால் பார்வையாளரும் கூடவே வந்துவிடுவார், குழப்பம் இல்லை. முதல் படத்தில் சாக்பீஸையே நம்புங்கள்.

போனில்தான் எடுக்கிறோம். என்ன செட்டிங் வைக்கலாம்? அறைக்குள் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

அந்தப் பட்டை விளக்கால் வருவது. உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல எல்ஈடி விளக்குகளும் ட்யூப்லைட்டுகளும் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று பூட்டுங்கள். மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடு என்றால் 1/60. பல போன்களில் கூடவே வரும் கேமரா ஆப் இதற்கு விடாது, அப்படியானால் மேனுவல் கன்ட்ரோல் உள்ள ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 24 ஃப்ரேமா 25-ஆ 30-ஆ என்பது சண்டை போடுகிற அளவுக்குப் பெரிய விஷயமே இல்லை. எதுவாக இருந்தாலும் எல்லா ஷாட்டும் ஒன்றாகவே இருக்கட்டும், மூன்று பேர் மூன்று போனில் மூன்று விதமாக எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் நடிகர் கையைத் தூக்கும்போதெல்லாம் பின்னால் இருக்கிற சுவர் நிறம் மாறும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது நரகம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இதைச் சொல்லவேண்டியதே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவருடைய உயிரான டேக்கில் அழைப்பு வருகிறது.

சத்தம் சரியாக வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். டப்பிங் போய்விடலாமா?

டப்பிங் சுலபம் என்று யாரோ உங்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். நடித்த அன்று வந்த மூச்சு, தயக்கம் எதுவும் பதினைந்து நாள் கழித்து மைக் முன்னால் நிற்கும்போது வராது. தேர்ந்த நடிகர்களுக்கே கஷ்டம், உங்கள் நண்பருக்கு நிச்சயம் வராது.

பிரச்சினை பெரும்பாலும் மைக் தரம் கிடையாது, தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறையின் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்பது அதனால்தான். கேமரா போன் எட்டடி தள்ளி நிற்கிறது, அதிலிருந்து என்ன எதிர்பார்ப்பீர்கள்? இன்னொரு போனை ரெக்கார்டராக வைத்து, ஃப்ரேமுக்குக் கீழே, வாயிலிருந்து ஒன்று ஒன்றரை அடிக்குள் கொண்டுவாருங்கள். மேஜைமேல் புத்தகத்துக்குப் பின்னால் மறைக்கலாம், சட்டைப் பைக்குள்ளும் வைக்கலாம், துணி உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி. டேக் ஆரம்பத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு. கைகள் சேரும் ஃப்ரேமையும் அந்தச் சத்தத்தையும் பொருத்திவிட்டால் சிங்க் வந்துவிடும். நீளமான டேக் என்றால் சில போன்களில் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்குவதால் போகப்போக உதடும் குரலும் விலகும், அதனால் முடிவிலும் ஒரு தட்டு தட்டுங்கள்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். கண்ணுக்குத் தெரியாத வில்லன் அதுதான். ஷாட் நடுவே தானாக ஆனாகும், தானாக நிற்கும், நான் இரண்டு ஷாட்டை ஒட்டும்போது ஒன்றில் ர்ர்ர் என்று ஓடும், அடுத்ததில் பொட்டென்று நின்றிருக்கும். அணைத்துவிடுங்கள். அணைத்துவிட்டு உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, மறுபடி போடாமல் போய் அடுத்தவர் வீட்டுச் சாமானைக் கெடுக்கிற வம்பும் இல்லை. இது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம், என் கண்டுபிடிப்பு இல்லை.

ஒவ்வொரு லொக்கேஷனிலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். வசனங்களுக்கு நடுவே நான் வெட்டி எடுக்கிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பேன்.

நண்பன் நன்றாகத்தான் பேசுவான், ஆக்‌ஷன் சொன்னதும் மரம் மாதிரி நிற்கிறான்.

கைகளுக்கு வேலை கொடுங்கள். சட்டை மடிக்கச் சொல்லுங்கள், செருப்பு வாரைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதைச் செய்துகொண்டே வசனம் பேசட்டும். ‘சோகமாகப் பேசு’ என்றால் அவர் சோகத்தைத் தேடிப் போய்விடுவார். ‘அவள் இப்போது கையெழுத்துப் போட்டாக வேண்டும், போட வை’ என்றால் எதிரே இருப்பவரைப் பார்ப்பார். ஆக்‌ஷனை மெதுவாகச் சொல்லுங்கள், கட் சொல்ல ஐந்து நொடி தாமதியுங்கள். வசனம் முடிந்து, அப்பாடா என்று அவர் தளர்கிற அந்த ஐந்து நொடியில்தான் எனக்குத் தேவையான முகம் பல தடவை கிடைத்திருக்கிறது.

இரவுக் காட்சி போனில் வருமா?

முழு இருட்டில் எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். சூரியன் மறைந்த அடுத்த இருபது முப்பது நிமிடம் வானம் நீலமாக இருக்கும்போது, வீட்டு விளக்கு ஃப்ரேமுக்குள் எரிய எடுத்துப்பாருங்கள், இரவு என்று எல்லோரும் நம்புவார்கள். நேரம் குறைவு, ஒத்திகையை முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு, ‘நன்றி’ என்று கார்டு போட்டால் போதாதா?

போதாது. நன்றி வேறு, அனுமதி வேறு. பாடலுக்கு ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை என்று இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருக்கலாம். போட்டிக்கு அனுப்பினால் முதலில் கேட்கிற பத்திரமே இதுதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையைப் பயன்படுத்தலாம், ஆனால் உரிமத்தின் பெயரில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். என்டி (ND, தழுவல் கூடாது) என்று போட்டிருந்தால் படத்தோடு சேர்க்கவே கூடாது, காட்சியோடு இசையைப் பொருத்துவதே தழுவல் என்றுதான் அந்த உரிமத்தில் கணக்கு. என்சி (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. இசை வாசிக்கத் தெரிந்த வகுப்புத் தோழர் ஒருவர் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எல்லாம் எடுத்துவிட்டோம். எடிட்டில் ஒட்ட மாட்டேன் என்கிறது, இரண்டு இடத்தில் ஷாட் மாறும்போது படம் துள்ளி ஜம்ப் அடிக்கிறது. திரும்ப முழுசாக எடுக்க வேண்டுமா?

முதலில், எடுத்ததெல்லாம் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறதா? சரி. முழுசாக எடுக்க வேண்டாம், ஒரு மணி நேரப் பேட்ச் வொர்க் போதும். ஜம்ப் அடிக்கிற இடத்தில் இரண்டு நொடி வேறு எதையாவது காட்டினால் பார்வையாளர் மறந்துவிடுவார்: பேனா மூடி, பத்திரத்தின் ஓரம், கேட்டுக்கொண்டிருக்கும் தங்கையின் முகம். நடிகர் அதற்குள் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றால் பதற வேண்டாம், கையை மட்டும் எடுங்கள். வேறு யாருடைய கையாக இருந்தாலும் பரவாயில்லை, மோதிரம் மட்டும் அதே விரலில் இருக்கட்டும்.