ஏரியில் மீன் குறைந்துவிட்டால் குஞ்சு வாங்கி விட்டால் போதாதா?

போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், மீன் கணக்கெடுக்கும் குழுவோடு சில பருவங்கள் படகில் சுற்றும் வரை.

குறைந்திருப்பது மீனா, பெரிய மீனா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு ஏரியில் வலையை இழுத்தால் சாண் நீளம்கூட இல்லாததாகவே வந்தது. குஞ்சுதானே, வளரட்டும், விட்டுவிடலாம் என்றேன். கூட இருந்தவர் ஒன்றின் தலையைப் பிளந்து, மீனின் உள்காதில் இருக்கும் காதுக்கல்லை எடுத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டாக உடைத்து நுண்ணோக்கியில் வைத்தால், அறுத்த மரத்தில் தெரிகிற மாதிரி வளையங்கள். ஆண்டுக்கு ஒன்று, எண்ணினால் ஐந்து. குஞ்சாவது, கிழம்! (குளிரில் வளர்ச்சி நின்றுபோகும் இடங்களில்தான் இந்த வளையம் இவ்வளவு தெளிவாக இருக்கும். வெப்பமான நீரில் ஏமாற்றிவிடும்.)

இரை குறைவு, வாய் அதிகம், அதனால் மீன் குட்டையாகவே நின்றுவிட்டது. ஜிலேபி மீனும் இதில் பெயர் போனது. நெருக்கடி வந்தால் சிறிய உடம்பிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட ஏரியில் குஞ்சு விடுவது, சோறு பத்தாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுவது மாதிரி. சிறியதை நிறையப் பிடித்துக் குறைக்க வேண்டும். அதைத் தின்னும் விரால், வாளை போன்றவற்றைக் காப்பாற்ற வேண்டும். 'இந்த நீளத்துக்குக் கீழே பிடிக்காதே' என்ற விதி அங்கே நேர்மாறான வேலையைச் செய்யும்.

மொத்தம் எத்தனை இருக்கும் என்று கேட்பீர்கள். 200 மீனின் துடுப்பு நுனியைச் சற்றுக் கத்தரித்துத் திரும்ப ஏரியிலேயே விடுகிறோம். அப்புறம் 100 பிடித்ததில் 5 கத்தரித்தவை என்றால், இருபதில் ஒன்று நாங்கள் கத்தரித்தது, அப்படியானால் ஏரியில் சுமார் 4,000 இருக்கலாம். மதிப்பீடுதான், ஆனாலும் படகோட்டியின் ஊகத்தைவிடத் தேவலை.

நீர்த்தேக்கம் என்றால் சிக்கல் வலையில் இல்லாமல் மதகில் இருக்கலாம். பல மீன்கள் கரையோர ஆழமில்லாத புல்லில்தான் முட்டையிடும். அந்த வாரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் முட்டை வெயிலில் காய்ந்துபோகும். மீன் அதிகாரியும் அணைப் பொறியாளரும் பேசிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும் என்பது என் எண்ணம்.

குஞ்சே விடக்கூடாது என்று சொல்லவில்லை. கட்லா, ரோகு எல்லாம் ஓடுகிற ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் பெருகாது, விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 10 செ.மீ.யாவது வளர்ந்த குஞ்சாக இருக்கட்டும். அதைவிடச் சிறியது பெரிய மீனுக்குத் தீனி. குஞ்சு வந்த பையை உடனே அவிழ்க்காமல் கால் மணி நேரமாவது ஏரி நீரில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும்.

இல்லாத இனத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற, மற்ற மீனைத் தின்னும் பெரிய மீனை விட்டார்கள். பிடிபாடு பின்னாளில் கொட்டியது உண்மைதான். ஆனால் அந்த ஏரிக்கே உரிய சிறு மீன் இனங்களில் நூற்றுக்கணக்கானவை காணாமல் போயின.